கொதித்தாலும் கரையாத அகரோஸ் ஜெல்: முதல் முறை செய்பவர்களுக்கு

குரோம் பதனிட்ட தோலை நம் ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்காவிட்டால் சரி. புரதங்களைப் பிரிக்கும் குழாயில் நிரப்ப நாம் செய்யப்போகிற ஜெல்லுக்கும் கடைசியில் அதே சோதனைதான். அகரோஸ் என்பது கடல்பாசியிலிருந்து பிரித்தெடுக்கிற சர்க்கரைச் சங்கிலிப் பொருள். வெறும் அகரோஸ் ஜெல் 90 டிகிரி வாக்கில் உருகிவிடும். அந்தச் சங்கிலிகளுக்கு நடுவில் வேதிப் பாலம் போட்டுவிட்டால் உருகாது, காரத்தில் கழுவி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம்.

நோன்புக்கு வாங்குகிற கடல்பாசி இதற்கு ஆகாது, அதிலுள்ள சல்பேட் தொகுதிகள் சில புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுத்திகரித்த அகரோஸ்தான் வேண்டும். 4 கிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள், போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நிறமில்லாத துணுக்குகள் மிதப்பது தெரியும், அவை மறையும் வரை விடாதீர்கள். தட்டில் ஊற்றிய பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். அகரோஸ் உறைவது 36 டிகிரி வாக்கில், மே மாத வேலூரில் அறையே அதைத் தாண்டிவிடும், மேசையில் வைத்துக் காத்திருந்து பயனில்லை.

உறைந்ததைச் சல்லடையில் அழுத்தித் தேய்த்துக் குருணையாக்கி, தண்ணீரில் படியவிட்டு, மேலே நிற்கும் கலங்கலைக் கொட்டுங்கள். தெளியும் வரை திரும்பச் செய்யுங்கள், அந்தத் தூள் தங்கினால் பின்னால் புரதம் பிரிக்கும் குழாயை அடைத்துவிடும்.

அடுத்தது பாலம் போடும் வேலை. இதற்கான எபிகுளோரோஹைட்ரின் நச்சு, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஃபியூம் ஹூட் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் கூண்டு), கையுறை, கண்ணாடி, கூடவே அனுபவமுள்ள ஒருவர், இவை இல்லாமல் புட்டியைத் திறக்காதீர்கள். படிந்த ஜெல் 100 மில்லிக்கு, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 100 மில்லி, அதில் சோடியம் போரோஹைட்ரைடு அரை கிராம், பிறகு எபிகுளோரோஹைட்ரின் 2 மில்லி. போரோஹைட்ரைடு இருந்தால்தான் காரத்தில் சங்கிலி சிதையாது, ஜெல் பழுப்பாகாது. அதிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் குடுவையை இறுக்கி மூடக் கூடாது. 60 டிகிரியில் 1 மணி நேரம், மேலிருந்து சுழலும் துடுப்பால் கலக்குங்கள். காந்தத் துண்டு அடியில் உருண்டு குருணையை அரைத்துவிடும். கலக்கல் மெதுவானாலும் தொல்லைதான், எபிகுளோரோஹைட்ரின் தண்ணீரைவிடக் கனமானது, துளித் துளியாக அடியில் தங்கிவிடும்.

அப்புறம் வெந்நீரில், பிஎச் தாள் நடுநிலை காட்டும் வரை கழுவுங்கள். முதல் கழுவல் தண்ணீரெல்லாம் கழிவுப் புட்டிக்குத்தான் போக வேண்டும், சிங்க்குக்கு அல்ல. தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஊர் இது, நாமும் அதில் சேர்க்க வேண்டாம்.

இப்போது சோதனை. பாலம் போட்டது கொஞ்சம், போடாதது கொஞ்சம், தனித்தனி சோதனைக் குழாயில் தண்ணீரோடு போட்டுக் கொதிநீரில் 10 நிமிடம் வையுங்கள். போடாதது கரைந்து தெளிந்துவிடும், போட்டது குருணையாகவே அடியில் நிற்கும். அதுவும் கரைந்தால் அந்தக் குருணையைப் புரதம் பிரிக்கும் குழாயில் நிரப்பாதீர்கள்.

தேறியதை 20 சதவீத எத்தனாலில், 4 டிகிரியில் வையுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே பனி உறைந்தால் ஜெல்லின் நுண்துளைகள் சிதைந்துவிடும்.