காலை வானொலியில் செய்தியும் பண்பாடும்: எங்கே தவறுகிறோம்?

பெங்களூர்த் தமிழர்களுக்கான ஓர் இணைய வானொலியில், காலை 7 முதல் 8 மணி வரையிலான நிகழ்ச்சியைத் தயாரிக்கும் குழுவில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் நாட்டு நடப்பும் வர வேண்டும். பாட்டு, இலக்கியம், திருவிழா, கல்வெட்டு என்று பண்பாடும் வர வேண்டும். அதேபோன்ற நிகழ்ச்சியைத் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் இப்போது யோசனை கேட்டு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் மாதிரிப் பதிவுகளில் பெரும்பாலும் ஒரே குறை தெரிகிறது. அறிவிப்பாளர் பெங்களூர் அல்சூரில் உட்கார்ந்து சென்னை மயிலாப்பூருக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்.

இது எங்களிடமும் இருந்த குறைதான். சென்னைச் செய்தித்தாள்களை வைத்துக்கொண்டு தலைப்புச் செய்திகளை எழுதுவோம். ஒரு நவம்பர் மாதம், சென்னையில் கனமழைக்காக விட்ட விடுமுறையை "பள்ளிகளுக்கு இன்று விடுமுறை" என்று ஊர் பெயர் சொல்லாமல் வாசித்துவிட்டோம். இரண்டு வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பிறகு தெரிந்தது. இங்கே வானிலை வேறு, பள்ளி நாட்காட்டி வேறு, கர்நாடகம் உருவான நாளான நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவ விடுமுறை வேறு. விடுமுறை, மழை, பஸ், மின்தடை ஆகிய நான்கிலும் ஊர் பெயர்தான் முதல் சொல்லாக வர வேண்டும்.

ஊர் பெயரைவிடக் கடினமானது "நாம்" என்ற சொல்.

2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் ஆண்டுதோறும் திறந்துவிட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் சொல்லியிருந்த 192 டி.எம்.சி. தண்ணீர் 177.25 டி.எம்.சி. ஆனது. குறைக்கப்பட்ட 14.75 டி.எம்.சி. கர்நாடகத்துக்குப் போனது, அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. மறுநாள் காலை நான்தான் மைக் முன் இருந்தேன். "நமக்கு 14.75 டி.எம்.சி. குறைந்துவிட்டது" என்று வாசித்தேன். நிகழ்ச்சி முடிவதற்குள் சிவாஜிநகரிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, என் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரிதான். எனக்குக் குறைகிறதா, கூடுகிறதா?" என்று கேட்டார். அவர் சண்டை போடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அவருடைய தம்பி தஞ்சாவூர்ப் பக்கம் நெல் பயிரிடுகிறவராக இருக்கலாம். அந்த அம்மாவோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரப்படும் அதே ஆற்று நீரைக் குடிக்கிறார். பெங்களூர்த் தமிழரின் நிலை இதுதான். தீர்ப்பின் இரண்டு பக்கமும் அவருக்குச் சொந்தம். 1991-லும் 2016-லும் காவிரியை ஒட்டி இந்த நகரத்தில் நடந்த வன்முறையைக் கண்ணால் கண்டவர்கள் நேயர்களில் ஏராளம். அப்படிப்பட்டவர்களிடம் "நாம்", "அவர்கள்" என்று பேசுவது பிழையான தகவல் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அன்று முதல் எங்கள் பிரதியில் மாநிலம் சம்பந்தப்பட்ட செய்தி எதிலும் "நாம்" கிடையாது. தமிழ்நாட்டுக்கு இவ்வளவு, கர்நாடகத்துக்கு இவ்வளவு, பெங்களூருக்கு இவ்வளவு என்று பெயர் சொல்லியே வாசித்தோம். டி.எம்.சி. என்றால் என்ன என்பதையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி. லிட்டரில் ஏறக்குறைய 2,830 கோடி. அந்த அலகைத் தினமும் கேட்கிறவர்களில் பலருக்கு யாரும் அதை விளக்கிச் சொன்னதில்லை.

பண்பாட்டுப் பகுதி தவறுவதும் இப்படிப்பட்ட நாளில்தான். காவிரித் தீர்ப்பு வந்திருக்கிறது, காவிரியைப் புகழும் பாட்டொன்று போடுவோம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். ஆடிப் பெருக்கன்று போட்டால் அந்தப் பாட்டு மனம் குளிரவைக்கும். தீர்ப்புக்கு மறுநாள் போட்டால் அதே பாட்டு ஒரு பக்கத்தின் முழக்கமாகிவிடும். பாட்டின் சொற்கள் மாறுவதில்லை. அதற்கு முன்னால் என்ன வாசித்தோம் என்பது அதன் பொருளை மாற்றிவிடுகிறது. ஆகவே செய்தியை ஒருவரும் பாட்டை இன்னொருவரும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வந்து, ஒலிபரப்பு நேரத்தில் சேர்ப்பது கூடாது. இருவரும் முந்தின இரவே ஒரே தாளைப் பார்த்திருக்க வேண்டும். விபத்தில் இறந்தவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு உடனே துள்ளலான பாட்டுக்குப் போகும் கொடுமையும் இதனால் நின்றுவிடும்.

பண்பாடு என்றால் பாட்டும் பண்டிகை வாழ்த்தும் மட்டும்தான் என்று நினைப்பது இன்னொரு தவறு. இந்த நகரத்தில் பண்பாடே காலைச் செய்தியாக வரும் நாட்கள் உண்டு. சித்திரா பௌர்ணமியை ஒட்டிய பெங்களூர்க் கரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத் தொழிலில் பெயர் பெற்ற திகளர் சமூகத்தினர் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து திரௌபதியின் பெயரால் எடுக்கும் கரகம், இரவு ஊர்வலத்தில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய் வருகிறது. எந்தச் சாலை மூடப்படும் என்பது செய்தி. திரௌபதி வழிபாடு நமக்கு எவ்வளவு நெருக்கமானது, கரகம் ஏன் தர்காவில் நிற்கிறது என்பது பண்பாடு. இரண்டையும் பிரித்து, சாலையை 7.05-க்கும் கரகத்தை 7.40-க்கும் வைத்தால் இரண்டுமே உயிரில்லாமல் போகும். கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடியில் நடக்கும் கடலைக்காய்ப் பரிஷை என்னும் நிலக்கடலைச் சந்தையும், செப்டம்பர் 8 அன்று சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழாவும் இப்படிப்பட்டவையே.

அதற்காக வலிந்து முடிச்சுப் போடவும் கூடாது. தொம்மலூர் மேம்பாலத்தில் நெரிசல் என்று சொல்லும்போது, பக்கத்திலேயே சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதையும், அவற்றில் ஊரின் பெயர் தொம்பலூர் என்று வருவதையும் ஒரு நிமிடத்தில் சொல்லலாம். நெரிசலில் நிற்பவர் அதை மகிழ்ந்து கேட்பார். அந்த நெரிசல் ஓர் உயிரிழப்பால் ஏற்பட்டது என்றால் கல்வெட்டை இன்னொரு நாளைக்கு எடுத்து வைத்துவிட வேண்டும்.

அடுத்தது மொழி. செய்தித்தாள் வாக்கியத்தை அப்படியே வாசிப்பவர்கள் தமிழில் வினை கடைசியில் வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். "கடந்த வாரம் பெய்த மழையால் சாலையில் தேங்கிய நீரை அகற்றக் கோரிக் குடியிருப்போர் நடத்திய மறியலைத் தொடர்ந்து போக்குவரத்து மாற்றிவிடப்பட்ட பகுதியை அதிகாரிகள் பார்வையிட்டனர்." கண்ணால் படிக்கிறவர் திரும்பிப் போய்ப் பார்த்துக்கொள்வார். இட்லி ஊற்றிக்கொண்டே கேட்கிறவர் என்ன செய்வார்? "பானஸ்வாடியில் சாலையில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. பஸ்கள் வேறு வழியில் போகின்றன. நேற்று அதிகாரிகள் வந்து பார்த்தார்கள்." இவ்வளவுதான் தேவை.

உச்சரிப்புக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும். தமிழ் எழுத்தில் ப ஒன்றுதான். பானஸ்வாடி, பேகூர் இரண்டையும் புதியவர்கள் b-க்குப் பதில் p போல வல்லோசையில் வாசித்துவிடுகிறார்கள், கன்னடம் தெரிந்த நேயருக்குக் காது கூசுகிறது. பேகூர் சாதாரண ஊரும் அல்ல. ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த அவ்வூர்க் கன்னடக் கல்வெட்டு ஒன்றில்தான் பெங்களூர் என்ற பெயர் முதன்முதலாக நமக்குக் கிடைக்கிறது. மெல்லோசையாக ஒலிக்க வேண்டிய எழுத்துகளின் மேல் பிரதியில் சிவப்புப் புள்ளி வைப்பது எங்கள் வழக்கம். டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி 2022-இல் மறைந்தபோது, எங்கள் நேயர்கள் அவருடைய திருத்தமான உச்சரிப்பைத்தான் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்தார்கள்.

எஃப்எம் அலைவரிசைக்கோ சமுதாய வானொலிக்கோ போக விரும்புகிறவர்கள் சட்டத்தைப் படிக்காமல் நிகழ்ச்சியை வடிவமைக்கக் கூடாது. ஒலியலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. சமுதாய வானொலி 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006-இல் தொண்டு அமைப்புகளுக்கும் திறந்துவிடப்பட்டது. ஆனாலும் அங்கே சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை மாற்றாமல் அப்படியே எடுத்துத் தரலாம். போக்குவரத்து, வானிலை, பண்பாட்டு நிகழ்ச்சிகள், திருவிழாக்கள், தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் தரும் குடிநீர், மின்சாரம், நோய் எச்சரிக்கை அறிவிப்புகள் ஆகியவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. பட்டியலைக் கூர்ந்து பாருங்கள்: காலையில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி அதில் இருக்கிறது.

நேர்காணலை முந்தின நாளே பதிவு செய்வது வசதிதான். அதில் "இன்று காலை", "சற்று முன்" என்ற சொற்கள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, தவறைத் திருத்தும் முறை. மாலை நிகழ்ச்சியில் ஒரு வரி வருத்தம் தெரிவித்தால் காலையில் கேட்டவருக்கு அது போய்ச் சேராது. எந்த நேரத்தில் தவறினோமோ அதே நேரத்தில், தவறிய அதே குரல் திருத்த வேண்டும். அந்தக் காவிரிச் செய்தியை நான் 7.10-க்கு வாசித்திருந்தேன். அடுத்த நிகழ்ச்சியில் 7.10-க்கு வந்து, "சென்ற முறை 'நமக்கு' என்று சொன்னேன், அது தவறு. தமிழ்நாட்டுக்கு 14.75 டி.எம்.சி. குறைகிறது, பெங்களூரில் இருக்கும் உங்கள் குடிநீருக்கு 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கப்படுகிறது" என்று வாசித்தேன். பிறகு சிவாஜிநகர் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து அதையே ஒரு முறை சொன்னேன்.