பழைய டி-ஷர்ட்டுகளில் ஒரு போர்வை தைக்கலாம்

காலேஜ் கல்ச்சுரல்ஸில் கொடுத்தது, மாரத்தான் ஓடினதற்குக் கொடுத்தது, ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு அடித்தது என்று போடவும் முடியாத, தூக்கிப் போடவும் மனசு வராத டி-ஷர்ட்டுகள் பல வீட்டு பீரோவில் ஒரு கட்டு இருக்கும். இருபது தேறினால் ஒரு ஆள் போர்த்திக்கொள்ளப் போர்வை ஆகிவிடும். நேர்த் தையல் தெரிந்தால் போதும். பெரும்பாடு எல்லாம் மெஷினில் உட்காருவதற்கு முன்னால்தான்.

கத்திரியை இப்போதைக்கு எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் துவைத்துக் காயவையுங்கள், வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனர் மட்டும் வேண்டாம், அப்புறம் துணி நீளாமல் இருக்க உள்பக்கம் ஒட்டுகிற கேன்வாஸ் சரியாக ஒட்டாது. இருப்பதிலேயே பெரிய பிரிண்ட்டை அளந்து பாருங்கள். அது 12, 13 இஞ்சுக்குள் இருந்தால் 15 இஞ்ச் சதுரம் சரியாக இருக்கும்: சுற்றிலும் அரை இஞ்ச் தையலுக்குப் போக 14 இஞ்ச் வெளியே தெரியும், குறுக்கே நாலு, நெடுக்கே ஐந்து வைத்தால் 56-க்கு 70. தகராறு பண்ணுவது கழுத்துதான். சில சட்டைகளில் கழுத்துப் பட்டைக்கு ரெண்டு இஞ்ச் கீழேயே பிரிண்ட் ஆரம்பித்துவிடும், நடுவில் கொண்டுவர மேலே துணி இருக்காது. அதே சட்டையின் முதுகிலிருந்து ஒரு பட்டை எடுத்து மேலே ஒட்டுப் போடுங்கள், பிரிண்ட் கொஞ்சம் மேலே ஏறி இருந்தாலும் குடி முழுகிப்போகாது.

அடுத்தது கேன்வாஸ். இதை மிச்சம் பிடிக்கப் பார்க்கவே கூடாது. பனியன் துணி நெய்தது இல்லை, கண்ணி கண்ணியாகப் பின்னியது. அதனால்தான் இழுத்தால் நீள்கிறது, வெட்டின ஓரம் சுருண்டுகொள்கிறது. அப்படியே தைத்தால் ஒரு துண்டு நீண்டு, இன்னொன்று சுருங்கி, மூலைக்கு மூலை சேராது. தையல் சாமான் கடையில் அயர்ன் பண்ணினால் ஒட்டுகிற கேன்வாஸ் என்று கேளுங்கள், இருப்பதிலேயே மெல்லிசாக; பிளவுஸ் கழுத்துக்கு வைக்கிற கெட்டி ரகம் என்றால் போர்வை அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். சட்டையை முதலில் 17 இஞ்சுக்குத் தாராளமாக வெட்டி, உள்பக்கம் 16 இஞ்ச் கேன்வாஸ் வைத்து, அயர்ன் பாக்ஸைத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தி எடுங்கள். பிரிண்ட் பக்கம் சூடு நேராகப் பட்டால் மை இளகி ஈஷிக்கொள்ளும். கிரிக்கெட் ஜெர்சி போன்ற பாலியஸ்டருக்குச் சூட்டைக் குறைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டுக்கொள்ளுங்கள். ஆறின பிறகுதான் 15 இஞ்ச் அட்டையை வைத்துச் சரியாக வெட்ட வேண்டும்.

வெட்டினதைத் தரையில் பரப்பி, வெள்ளையெல்லாம் ஒரே பக்கம் சேராமல் மாற்றி மாற்றி வைத்து, மனசுக்குப் பிடித்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்குப் பனியன் துணிக்கான பால்பாயிண்ட் ஊசி போடுங்கள், அது நூலை அறுக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும். தையல் நீளம் 3 மி.மீ. நாலு நாலாகச் சேர்த்து வரிசை, அப்புறம் வரிசையோடு வரிசை. ஒவ்வொரு தையலையும் உள்பக்கம் ரெண்டாகப் பிரித்து அயர்ன் பண்ணினால்தான் சந்திப்புகளில் புடைக்காது.

நம்ம ஊர் வெக்கைக்குப் பஞ்சு எதற்கு? பழைய காட்டன் புடவை ரெண்டு போதும். ஒவ்வொன்றிலும் 74 இஞ்ச் நீளத்துக்கு ரெண்டு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் 80 இஞ்சுக்கு மேல் அகலம் கிடைக்கும். ஒன்று நடுவில், ஒன்று அடியில். மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஊக்கு குத்திக்கொண்டே வாருங்கள். அப்புறம் சதுரங்கள் சேருகிற கோட்டின் மேலேயே தைத்துவிடலாம், ஆனால் சின்ன மெஷினில் அவ்வளவு துணியையும் சுருட்டி உள்ளே திணிப்பது பெரிய இம்சை. எம்ப்ராய்டரி நூலால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு முடிச்சு, சதுரத்துக்கு நடுவில் ஒன்று என்று கையால் போடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. தடித்த பிரிண்ட் மேல் மட்டும் குத்தாதீர்கள், ஓட்டை அப்படியே நிற்கும். ஓரத்துக்கு மிச்சமான புடவையில் இரண்டரை இஞ்ச் பட்டி வெட்டி மடித்துத் தையுங்கள், நேர்ப்பட்டியே போதும், கிராஸாக, அதாவது மூலைவாட்டில் வெட்ட வேண்டாம்.

முதல் தடவை தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், சிவப்பும் கருநீலமும் சாயம் விடலாம். நனைந்தால் நல்ல கனம் கனக்கும் என்பதால், ரெண்டு கொடிக் கயிற்றின் மேல் பரப்பி, பிரிண்ட் உள்பக்கம் இருக்கும்படி நிழலில் போடுங்கள்.