காஸ் பூப் பீடபூமிக்குக் காரில்: எந்த வாரம் கிளம்புவது, எப்படிப் போவது, என்ன பார்ப்பது

மகாராஷ்டிரத்தில் சாத்தாரா ஊருக்கு மேலே, சுமார் 25 கி.மீ. மலைப்பாதை ஏறினால் காஸ் பீடபூமி. உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர். 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் அதில் இடம்பெற்றது. இங்கே 850-க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்கள் உண்டு. ஆனாலும் போய்விட்டு "ஒன்றுமே இல்லையே" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அவர்கள் வாரத்தைத் தப்பாகத் தேர்ந்திருப்பார்கள், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை போயிருப்பார்கள், அதுவும் இல்லையென்றால் குனியாமல் நின்றபடியே பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்.

எந்த வாரம்

காஸ் முழுக்கச் செம்பூராங்கல் பாறை. மேலே சில அங்குலம் மண், பல இடங்களில் அதுவும் இல்லை. மரம் வேர்விட வழியில்லாததால், ஜூன் மழையில் முளைத்து, பூத்து, விதைபோட்டு, ஈரம் காய்வதற்குள் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் சிறு செடிகளின் ராஜ்யம் இது. அதனால் ஒரே நேரத்தில் எல்லாப் பூவும் இருக்காது. ஒன்று போனால்தான் இன்னொன்று வரும்.

ஆகஸ்ட் கடைசியில் நிறம் குறைவு, வகை அதிகம். புல்லுக்கு நடுவே ஹபெனேரியா ஆர்க்கிடுகள் நிற்கும். வெள்ளைப் பூக்கள் ஒரே பக்கமாக அடுக்கியிருப்பதால் இதை டூத்பிரஷ் ஆர்க்கிட் என்கிறார்கள். செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து மூன்றாம் வாரம் வரை வெள்ளையும் இளஞ்சிவப்பும் நீலமும் கலந்து வரும். வெள்ளைப் பொத்தான்களாக நிற்பது எரியோகாலன். இளஞ்சிவப்பு தேர்டா, நம் காசித்தும்பையின் இனம். ஈரமான பள்ளங்களில் நீலம் படர்ந்திருந்தால் அது யூட்ரிகுலேரியா. ஊர்க்காரர்கள் சீதையின் கண்ணீர் என்பார்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை மஞ்சளின் ஆட்சி: சோன்கியும், இதழில் இரண்டு சிவப்புப் பொட்டு வைத்த ஸ்மித்தியாவும். இந்த ஸ்மித்தியாதான் வழிகாட்டிகள் காட்டும் "மிக்கி மவுஸ்" பூ.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் செப்டம்பர் இரண்டாம், மூன்றாம் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே நிறம் வேண்டும் என்பவர்கள் மஞ்சள் வாரத்துக்குக் காத்திருக்கலாம். தேதியை ஒரு மாதம் முன்பே பூட்டிவிடாமல், பத்து நாள் முன்னால் மழை நிலவரம் பாருங்கள். தொடர்ந்து பத்துப் பதினைந்து நாள் மழை விட்டுப்போனால் மெல்லிய மண் காய்ந்து பூ விரிப்பு கலைந்துவிடும். விடாமல் கொட்டினால் செடி இருக்கும், பூ தாமதமாகும், மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. மழையும் வெயிலும் மாறி மாறி வரும் வாரம்தான் சரியான வாரம்.

குறிஞ்சிக்குப் பங்காளியான டோப்லி கார்வியும் இங்கே உண்டு. தரையோடு குட்டையாக, புதர் புதராக வளரும். ஏழாண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூக்கும் என்பது ஊர்க் கணக்கு. மற்ற ஆண்டுகளில் பச்சையாக இருக்கும் அந்தப் புதர்களைக் களை என்று நினைத்து மிதித்துவிடாதீர்கள்.

முன்பதிவு

பூக்காலத்தில் நுழைய ஆன்லைன் பதிவு வேண்டும். நாளைக்கு வழக்கமாக 3,000 பேர் வரைதான், அதுவும் நேரப் பிரிவுகளாக. சுற்றுக் கிராமங்களின் வனக் குழுக்கள் வனத்துறையோடு சேர்ந்து நிர்வகிக்கின்றன. கட்டணமும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், பதிவுப் பக்கத்தில் அந்த ஆண்டுக்கானதைப் பாருங்கள். செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள், காலையின் முதல் பிரிவு: இதைத்தான் எடுக்க வேண்டும். சனி, ஞாயிறு மலைப்பாதையிலேயே பாதிப் பிரிவு போய்விடும். டிக்கெட்டைச் சாத்தாராவிலேயே போனில் சேமித்துவிடுங்கள், மேலே சிக்னலை நம்ப முடியாது. விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய நாட்களைத் தவிர்த்தால் விடுதியும் சுலபமாகக் கிடைக்கும், ஊருக்குள் ஊர்வல நெரிசலிலும் மாட்ட வேண்டியதில்லை.

வழி

பெங்களூரிலிருந்து சாத்தாரா ஏறத்தாழ 730 கி.மீ., முழுக்க தேசிய நெடுஞ்சாலை 48. துமக்கூரு, சித்திரதுர்கா, தாவணகெரே, ஹாவேரி, ஹூப்ளி, தார்வாட், பெலகாவி, நிப்பாணி, கோலாப்பூர், கராட் வழியாகப் போகும். ஒரே நாளில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அது வேண்டாம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, சுமார் 500 கி.மீ. ஓட்டி பெலகாவியில் தங்குங்கள். மறுநாள் நிதானமாகச் சாத்தாரா, மூன்றாம் நாள் காலை காஸ். சென்னையிலிருந்து வருகிறவர்கள் இதோடு 350 கி.மீ. கூட்டிக்கொண்டு, முதல் இரவைச் சித்திரதுர்காவில் வைத்துக்கொள்வது நல்லது. பெங்களூருக்குள் நுழையாமல் சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம் வரை மிச்சம்.

நிப்பாணிக்கு முன் வரும் தவந்தி மலை இறக்கத்தில் கனரக லாரிகள் பிரேக் சூடேறி இறங்கிக்கொண்டிருக்கும். அவற்றின் பின்னால் ஒட்டாதீர்கள். ஃபாஸ்டேகில் தாராளமாகப் பணம் போட்டு வையுங்கள், சுங்கச் சாவடிகள் அதிகம்.

கிளம்பும் முன் காரில் பார்க்க வேண்டியவை: வைப்பர் ரப்பர் (ஓராண்டு ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்), டயர் தேய்மானம், பின்கண்ணாடி டிஃபாகர், பிரேக் பேட். சாத்தாராவில் டேங்கை நிரப்பிவிட்டு ஏறுங்கள். யவதேஷ்வர் வழியாக ஏறும் பாதையில் மூடுபனி வந்தால் ஹைபீம் போடக்கூடாது. வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே திரும்ப அடிக்கும். லோபீமும் ஃபாக் விளக்கும் போதும். உள்கண்ணாடி வியர்த்தால் ஏசியைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள்.

பீடபூமியில்

ரெயின்கோட்டுதான், குடை அல்ல. மேலே அடிக்கும் காற்றில் குடை நிற்காது. பிடிமானமுள்ள ஷூ அவசியம், ஈரப் பாறையில் பாசி படர்ந்து வழுக்கும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், ஒரு மாற்று உடை, ஈரச் சாமானுக்கு ஒரு பை. கழிப்பறைக்கு வாசலிலேயே போய்விடுங்கள்.

உள்ளே போனதும் எல்லாரும் விரிப்பைப் படமெடுக்க ஓடுவார்கள். விட்டுவிடுங்கள். பாதையோரம் ஓரிடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சதுர அடி நிலத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். நீல யூட்ரிகுலேரியாவின் காம்பு நூல் தடிமன், உயரம் ஒரு சாண்கூட இல்லை. அதன் அடியில், ஈர மண்ணுக்குள், கடுகைவிடச் சிறிய பைகள் இருக்கும். நீரில் நீந்தும் நுண்ணுயிர் மேலே பட்டதும் பை திறந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே சிவந்த இலையும் ஒவ்வொரு முடி நுனியிலும் ஒரு பசைத்துளியுமாக டிரோசெரா நிற்கும். கொசு ஒட்டியிருந்தால் இலை சுருள ஆரம்பித்திருக்கும். இந்தப் பாறையில் நைட்ரஜன் மிகக் குறைவு, அதைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளும் செடிகள் இவை. டிரோசெராவைக் காலைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக இருந்து பார்த்தால் துளிகள் ஒளிரும், படமும் அப்போதுதான் வரும்.

படத்துக்கு 90 முதல் 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வசதி. போனில் மேக்ரோ முறையே போதும். காற்றில் பூ ஆடிக்கொண்டே இருக்கும், ஷட்டரை 1/500-க்குக் கீழே இறக்காதீர்கள். டிரோன் வேண்டாம், இது வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். பாதையை விட்டு ஓரடி இறங்கினாலும் மிதிபடுவது அந்த ஆண்டின் பூ மட்டுமல்ல, அது போடவேண்டிய விதையும்தான். பெரும்பாலானவை ஒருபருவச் செடிகள், அடுத்த ஆண்டு முளைக்க அந்த விதையை விட்டால் வேறு வழியில்லை. குழந்தைகளுக்குக் காரிலேயே இதைச் சொல்லி வையுங்கள்.

இரண்டு கிலோமீட்டர் நடக்கத் தெம்பிருந்தால் பழைய ராஜபாட்டையில் குமுதினி குளம் வரை போங்கள். இதழ் முழுக்க வெள்ளை இழைகளோடு நீர்மேல் மிதக்கும் சிறு பூக்கள் அங்கே உண்டு. முக்கால்வாசிப் பேர் இவ்வளவு தூரம் வருவதில்லை.

டிக்கெட் கிடைக்காவிட்டால்

காற்றாலைகள் நிற்கும் சால்கேவாடி பீடபூமி இருக்கிறது. சாத்தாராவிலிருந்து தோசேகர் அருவி வழியாகப் போக வேண்டும். பாறை அதே வகை, காஸில் பார்க்கும் செடிகள் பலவற்றை இங்கேயும் பார்க்கலாம், கூட்டம் குறைவு. காவல் குறைவு என்பதால் பொறுப்பு முழுக்க உங்களுடையது: வண்டியைத் தார்ச்சாலையை விட்டு இறக்காதீர்கள். மண் ஈரமாக இருக்கும்போது ஒரு டயர் தடம் பதிந்தால் அந்தக் கோட்டில் அடுத்த மழையில் தண்ணீர் ஓடி, உள்ள கொஞ்ச மண்ணையும் அரித்துவிடும்.

இரண்டில் எங்கே போனாலும் மாலை ஐந்துக்குள் இறங்கத் தொடங்குங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர் போட்டு எஞ்சின் பிடியிலேயே விடுங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டு இறங்குங்கள். சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும்.