ஸ்பெஷல் நாடக நோட்டீஸ்களைச் சேகரிக்கும் முறை

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி வட்டாரக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அமர்த்துவதால், ஓர் இரவு வள்ளி திருமணத்தில் சேர்ந்து நடித்தவர்கள் மறுநாள் வெவ்வேறு ஊர்களில் வேறு ஆட்களுடன் மேடை ஏறுவார்கள். அந்த இரவில் யாருடன் யார் நடித்தார் என்பதற்கு, விழாக் கமிட்டியார் அச்சடித்து ஒட்டிய நோட்டீஸைத் தவிர, பெரும்பாலும் வேறு எழுத்துச் சான்று இருப்பதில்லை. ஆகவே படமும் வண்ணமும் அழகாக இருப்பதைவிட, பெயர், ஊர், தேதி ஆகிய மூன்றும் சிதையாத தாளையே முதலில் தேட வேண்டும்.

பழைய பேப்பர் கடைகளைக் காட்டிலும், மூத்த கலைஞர்களின் வீடுகளிலும், கிராமக் கமிட்டிகளின் வரவு செலவு நோட்டுகளிலும் நல்ல தாள்கள் கிடைக்கும். கொடுக்கத் தயங்குபவரை வற்புறுத்தக் கூடாது. அங்கேயே படம் எடுத்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுப்பதே முறை.

காலம் கணிப்பதுதான் இதில் மிகுந்த பொறுமை வேண்டும் வேலை. பல நோட்டீஸ்களில் தேதியும் கிழமையும் இருக்கும், ஆண்டு இராது. எடுத்துக்காட்டாக, ஏப்ரல் 14 புதன்கிழமை என்றிருந்தால், அது 1954, 1965, 1971, 1976 ஆகிய ஆண்டுகளில் எதுவாகவும் இருக்கலாம். தமிழ் ஆண்டின் பெயரும் அச்சாகியிருந்தால் ஐயம் தீர்ந்துவிடும். விளம்பி என்றால் 1958–59, அடுத்த விளம்பி 60 ஆண்டுகள் கழித்தே வரும். டிக்கெட் வைத்து நடத்திய நாடகமானால், கட்டணம் நயா பைசாவில் குறிக்கப்பட்டிருப்பது 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது என்பதைக் காட்டும். முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. லை, னை போன்ற எழுத்துகள் பழைய கொம்பு வடிவில் இருப்பதை மட்டும் வைத்து 1978க்கு முந்தியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனெனில் எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிறகும் சிறிய அச்சகங்கள் கையிலிருந்த ஈய எழுத்துகளையே பயன்படுத்தி வந்தன. நடிகரின் முகத்தை வைத்தும் காலம் சொல்ல இயலாது. படத்தை அச்சிட ஒருமுறை செய்த பிளாக் என்னும் அச்சுக் கட்டையைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிடுவது வழக்கம். தாளின் அடியில் பொடி எழுத்தில் உள்ள அச்சகத்தின் பெயரையும் ஊரையும் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும். பின்புறம் விரலால் தடவும்போது எழுத்துகளின் அழுத்தம் தெரிந்தால் அது ஈய எழுத்து அச்சு. ஆஃப்செட் அச்சில் அந்த மேடு பள்ளம் இருக்காது.

மலிவான வண்ணத் தாள் வெயிலிலும் அமிலத்தாலும் பழுத்து நொறுங்கும். லேமினேஷன் செய்வதும் செல்லோ டேப் ஒட்டுவதும் தாளைக் கொல்லும் செயல்கள். பசை ஊறிய கறையை நீக்குவது மிகக் கடினம். மடிப்பை மெல்ல விரித்து, பாலியெஸ்டர் உறையில் அமிலமற்ற அட்டையுடன் படுக்கை வாட்டில் வைக்க வேண்டும். சாதாரண பிவிசி உறைகள் ஆகா. ராமபாணப் பூச்சி வராதிருக்க, பெட்டியை மாதம் ஒருமுறையாவது திறந்து பார்க்க வேண்டும். கிடைத்த ஊர், கொடுத்தவர் சொன்ன செய்தி ஆகியவற்றைத் தாளின் மேல் எழுதாமல், எண்ணிட்ட தனி ஏட்டில் பதிய வேண்டும்; இரு பக்கங்களையும் ஸ்கேன் செய்து, அந்தப் பிரதியொன்றைக் கொடுத்தவர் குடும்பத்துக்கே அனுப்பிவிட வேண்டும்.