மாணவர்களுக்கான நிகழ்ச்சி நாட்காட்டி: முதல் முறை தொடங்குபவர்களுக்கு

போஸ்டரைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு வேலை முடிந்தது என்று பல மாணவர் மன்றங்கள் இருந்துவிடுகின்றன. மறுநாள் காலைக்குள் அந்தப் படம் நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். பொதுவிவகாரச் சொற்பொழிவோ, நாடகமோ, திரையிடலோ, ஆள் வராமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். எல்லோரும் தங்கள் போனிலேயே பார்க்கும்படி ஒரு பொது நாட்காட்டி வைத்தால் இது தீரும். கூகுள் காலண்டரை வைத்து அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

1. எதைச் சேர்ப்பது?

ஒரே கேள்வி போதும்: அழைப்பிதழ் இல்லாத ஒரு முதலாண்டு மாணவர் இதற்குப் போகலாமா? போகலாம் என்றால் சேருங்கள். துறை உள்கூட்டங்கள், உறுப்பினர்களுக்கு மட்டுமான சந்திப்புகள் வேண்டாம். முதல் மாதத்துக்குப் பதினைந்து பதிவுகள் தாராளம். அறுபது போட்டுப் பாதி தவறாக இருந்தால், இரண்டாவது வாரமே யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

2. முதலில் ஒரு ஸ்பிரெட்ஷீட்

நேரடியாகக் காலண்டரில் ஏற்றாதீர்கள். தலைப்பு, நாள், தொடக்கம், முடிவு, அறையும் கட்டடமும், நடத்துபவர், முன்பதிவுக் கடைசி நாள், மூல லிங்க், கடைசியாகச் சரிபார்த்த தேதி என ஒன்பது பத்திகள் வையுங்கள். கடைசி இரண்டும்தான் இதில் உயிர். தகவல் எங்கிருந்து வந்தது, என்றைக்குப் பார்த்தோம் என்று தெரியாத பதிவை மறுபடி சரிபார்க்க வழியே இருக்காது.

தேதியை 2026-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். வெறும் 03/04 என்றால் ஒருவர் ஏப்ரல் 3 என்பார், இன்னொருவர் மார்ச் 4 என்பார்.

3. நிலையான நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பிப்ரவரி 21 தாய்மொழி நாள், மார்ச் 21 கவிதை நாள், மார்ச் 27 உலக நாடக நாள், ஏப்ரல் 23 புத்தக நாள், மே 3 பத்திரிகைச் சுதந்திர நாள், மே 18 அருங்காட்சியக நாள், செப்டம்பர் 15 மக்களாட்சி நாள், டிசம்பர் 10 மனித உரிமை நாள். நூலகங்களும் அரங்கங்களும் இவற்றையொட்டியே நிகழ்ச்சி வைப்பது வழக்கம். ஆனால் அதே தேதியில் வைப்பார்கள் என்று நம்பிவிடக் கூடாது. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் முன்னே பின்னே தள்ளிவைப்பார்கள். ஆகவே இந்த நாட்களைத் தேடுவதற்கான அடையாளமாக மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று வாரம் முன்பே நடத்துபவர்களின் பக்கங்களைப் பாருங்கள்.

4. சரிபார்ப்பு

இங்கே அவசரம் கூடாது. ஃபார்வர்டாக வந்த போஸ்டரை மட்டும் நம்பாமல், நடத்துபவரின் சொந்தப் பக்கத்தில் அதே தகவல் இருக்கிறதா என்று பாருங்கள். பல போஸ்டர்களில் ஆண்டு இருக்காது. அப்போது கிழமைதான் கைகொடுக்கும். "வெள்ளி, மார்ச் 13" என்றால் 2026-க்குச் சரி. 2025-இல் அதே தேதி வியாழக்கிழமை. ஒரே தேதி அடுத்த ஆண்டு ஒரு கிழமை தள்ளிப்போகும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு. கிழமையும் தேதியும் ஒட்டவில்லையென்றால், அது பழைய போஸ்டராக இருக்கலாம், அல்லது பழைய போஸ்டரில் தேதியை மட்டும் மாற்றிக் கிழமையை மறந்திருக்கலாம். இரண்டில் எது என்று ஊகிக்காமல், நடத்துபவரிடம் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

5. நேரம்

இணையவழி உரைகளில்தான் அதிகம் தவறுகிறது. ஐஎஸ்டி என்ற சுருக்கம் இந்தியாவுக்கும் உண்டு, அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் உண்டு. எனவே சுருக்கத்தை விட்டுவிட்டு நகரத்தின் பெயரை வைத்து நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். வாராவாரம் நடக்கும் தொடர் உரையென்றால், நடத்துபவரின் ஊர் நேரத்திலேயே பதியுங்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. அந்த மாற்றத்துக்கு முன் நீங்களாக இந்திய நேரத்துக்குக் கணக்குப் போட்டு ஏற்றிய நேரம், அதன்பின் ஒரு மணி நேரம் பிசகும்.

முன்பதிவு முடியும் நேரத்தை "நள்ளிரவு 12" என்று எழுதாதீர்கள். எந்த நாளின் நள்ளிரவு என்பது யாருக்கும் விளங்காது. 23:59 என்று எழுதுங்கள்.

6. காலண்டரில் ஏற்றுதல்

புதிய காலண்டரைக் கணினியின் பிரவுசரில் உருவாக்குங்கள். உருவாக்கியதும் அமைப்புகளில் எல்லோரும் பார்க்க அனுமதி கொடுத்து, விவரங்கள் முழுவதும் தெரியும் தேர்வை எடுங்கள். "நேரம் காலியா இல்லையா" என்பது மட்டும் தெரியும் தேர்வை எடுத்துவிட்டால் மாணவர்களுக்கு வெறும் கட்டங்கள்தான் தெரியும். அதே பக்கத்தில் ஐகால் முகவரி (வேறு காலண்டர் செயலிகளில் இதைச் சேர்க்க உதவும் லிங்க்) இரண்டு இருக்கும். பொது முகவரியை மட்டும் பகிருங்கள். ரகசிய முகவரி வெளியே போய்விட்டால் உடனே அதை மாற்றியமையுங்கள்.

தலைப்பில் முக்கியமான சொல் முதலில் வரட்டும். போனின் மாதக் காட்சியில் முதல் சில எழுத்துகள்தான் தெரியும். "அனைவரும் வருக: மாபெரும்" என்று தொடங்கினால் அதுவே மிஞ்சும்.

நிகழ்ச்சிகளை மொத்தமாகக் காலண்டரில் ஏற்ற உதவும் ஐசிஎஸ் கோப்பை நீங்களே எழுதினால் ஒரு கண்ணி உண்டு. முழுநாள் நிகழ்ச்சியின் முடிவுத் தேதி அந்த வடிவத்தில் கணக்கில் சேராது. மார்ச் 12 முதல் 14 வரையிலான விழாவுக்கு முடிவாக 15 என்று கொடுக்க வேண்டும். 14 என்று கொடுத்தால் கடைசி நாள் காணாமல் போகும்.

நினைவூட்டல் விஷயத்திலும் கவனம் தேவை. நீங்கள் வைக்கும் அறிவிப்பு உங்கள் போனில்தான் ஒலிக்கும்; மற்றவர்கள் அவரவர் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் முன்பதிவுக் கடைசி நாளைத் தனிப் பதிவாகவே போடுங்கள்.

7. மாற்றமும் ரத்தும்

ரத்தான நிகழ்ச்சியை அழிக்காதீர்கள். அழித்தால் சத்தமில்லாமல் மறைந்துவிடும். நேற்றுப் பார்த்தவர் நேராக அரங்கத்துக்குப் போய் நிற்பார். தலைப்பின் முன்னால் "ரத்து:" என்று சேர்த்து அப்படியே விடுங்கள். தள்ளிவைத்திருந்தால் பதிவைப் புதுத் தேதிக்கு நகர்த்திவிட்டு, பழைய தேதியில் ஒரு வரிக் குறிப்பு போடுங்கள். வேறு செயலிகளில் லிங்க் வழியாகச் சேர்த்தவர்களுக்கு மாற்றம் உடனே தெரியாது. சில மணி நேரம் பிடிக்கலாம். அன்றைய மாற்றமென்றால் குழுவிலும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

8. வாராந்தர வேலை

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்கி, அடுத்த பத்து நாள் பதிவுகளின் மூல லிங்கைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் மாறியிருப்பது அறை எண். திருத்தும் உரிமை இரண்டு பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் இளைய ஆண்டு மாணவராக இருக்கட்டும். காலண்டரை யாருடைய தனி மாணவர் மின்னஞ்சலிலும் உருவாக்க வேண்டாம். அவர் படிப்பு முடிந்து போனபின் கணக்கு மூடப்பட்டால், காலண்டரும் சேர்ந்தே போய்விடும். மன்றத்தின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அதன் கடவுச்சொல்லைப் புதுப் பொறுப்பாளர்களிடம் ஆண்டு முடிவதற்குள் ஒப்படைத்துவிடுங்கள்.