பழைய ஆங்கிலக் கவிதையா? முதலில் வானிலை வரிகளைப் பிடியுங்கள்

ஆயிரம் வருடம் பழைய ஆங்கிலக் கவிதைகளை மொழிபெயர்ப்பில் படிக்கும்போது, பனி, காற்று என்று வரும் வரிகளை வெறும் வர்ணனை என நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். பென்சிலால் முதலில் கோடிட வேண்டியவை அவைதான். பேசுகிறவனின் மனநிலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தொடங்குவதற்கு நல்லது ‘தி சீஃபேரர்’ (கடலோடி) என்ற கவிதை. 124 வரிதான்; இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பேராலயத்தில் உள்ள 10-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துத் தொகுப்பில் இருக்கிறது. கடலோடியின் கால்களைக் குளிர் கட்டிப்போடுகிறது, உடம்பைச் சுற்றிப் பனிக்கட்டி தொங்குகிறது. ஆலங்கட்டியை ‘தானியங்களிலேயே மிகக் குளிர்ந்தது’ என்கிறான். மனிதச் சிரிப்புக்குப் பதில் அவனுக்குக் கடற்பறவைகளின் குரல். சரி, வசந்தம் வந்தால் நிம்மதியா? தோப்பு பூக்கிறது, குயில் கூவுகிறது. ஆனால் அந்தக் குயில் சொல்வது துயரச் சேதி. அவனுக்கோ மறுபடி கடலுக்குப் போகத் துடிப்பு. நம் சினிமாப் பாட்டுக் குயிலை மனதில் வைத்துப் படித்தால் இந்த இடம் நழுவிவிடும்.

அப்புறம் ‘பேவுல்ஃப்’ என்ற நீண்ட வீரகாவியம். அதில் வரும் ஹெங்கெஸ்ட் என்ற வீரன், தன் தலைவன் சாவுக்குக் காரணமானவர்களோடு குளிர்காலம் முழுக்க மாட்டிக்கொள்கிறான். கடல் உறைந்து கிடக்கிறது. வசந்தம் வந்ததும் ஊர் திரும்பும் எண்ணத்தைவிடப் பழிவாங்கும் எண்ணம்தான் முந்துகிறது.

மூலமும் எதிர்ப்பக்கத்தில் உள்ள பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள். சத்தமாகப் படித்தால் மோனை காதில் விழும்.