சப்வூஃபர்: வாங்கும்போதும் அளக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ், அதாவது அடிமட்ட ஒலி, போதவில்லை என்று அதற்கான ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபரை விற்றுவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்குகிறவர்கள் நிறையப் பேர். புதியதை மாட்டிய பிறகும் அதே படக் காட்சியில் அதே வெடிச் சத்தம் சப்பென்று கேட்கும். பெரும்பாலும் கோளாறு பெட்டியில் இல்லை. அதை வைத்த மூலையிலும் நாம் உட்காரும் இடத்திலும்தான்.

ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் சரியாக அடங்கிவிடும். அந்த ஒலி இரு சுவரோரமும் வீங்கி, அறையின் நட்ட நடுவில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். சோஃபா அங்கே இருந்தால், ஒற்றை சப்வூஃபர் எவ்வளவு பெரியதானாலும் பெரிதாகப் பயனில்லை.

இந்த இடத்தில்தான் பலர் ஈக்வலைசரில், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியில், கை வைக்கிறார்கள். இப்படி ஒலி காணாமல் போகும் பள்ளத்தை 10 டெசிபெல் தூக்க ஆம்ப்ளிஃபையர் 10 மடங்கு சக்தி தர வேண்டும். அப்படியும் பள்ளம் நிரம்பாது, சுவரோரம்தான் இரைச்சல் கூடும். ஈக்வலைசர், ஒலி வீங்கும் மேடுகளைக் குறைக்கத்தான். என் அறையில் சோஃபாவை அரை மீட்டர் பின்னால் தள்ளியதில் கிடைத்த பலன், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் பல நாள் செய்த திருத்தங்களில் கிடைக்கவில்லை. நகர்த்த வழியில்லையா? முன் சுவரின் நடுவில் ஒன்றும் பின் சுவரின் நடுவில் ஒன்றுமாக இரண்டு நடுத்தர சப்வூஃபர்கள் வையுங்கள். இருக்கைக்கு இருக்கை பேஸ் மாறுவது நன்றாகக் குறையும். பட்ஜெட் முழுவதையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இடம் தேடும்போது சப்வூஃபரை உங்கள் இருக்கையில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு, தரையோரமாகக் குனிந்து ஒவ்வோர் இடமாகக் கேளுங்கள். அதிகச் சத்தமான இடத்தைத் தேர்ந்தெடுப்பது தவறு. எல்லா ஸ்வரமும் சீராகக் கேட்கும் இடமே சரி.

அப்புறம் அளவீடு. ஃபோனின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது, அடிமட்ட ஒலியில் அதை நம்ப முடியாது. அளவுதிருத்தக் கோப்போடு (மைக்கின் பிழைகளைச் சரிசெய்யும் கோப்பு) வரும் யூஎஸ்பி மைக்கும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். மைக்கை உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். வரைபடத்தில் கோட்டின் ஏற்ற இறக்கங்களைச் சமப்படுத்திக் காட்டும் ஸ்மூதிங்கை ஏற்றிவிட்டால் கோடு அழகாகத் தெரியும், பள்ளங்கள் மறைந்துவிடும். அந்த அழகில் மயங்க வேண்டாம். சப்வூஃபரைத் தனியாக அளந்ததோடும் நிறுத்தாதீர்கள். ஸ்பீக்கர்களோடு சேர்த்து அளக்கும்போது இரண்டும் பொதுவாகச் சந்திக்கும் 80 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்தால், ஒன்றின் ஒலியை மற்றொன்று அழிக்கிறது என்று பொருள். ரிசீவரில் சப்வூஃபரின் தூர அளவைச் சிறிது சிறிதாக மாற்றி, மறுபடி அளந்து பாருங்கள்.

வாங்கும்போது வாட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 20 ஹெர்ட்ஸ் வரை போகும் என்று எழுதியிருந்தால், எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று கேளுங்கள். 40 ஹெர்ட்ஸில் வரும் அதே அழுத்தத்தை 20 ஹெர்ட்ஸில் தர 4 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். காற்றைத் தள்ளும் கூம்பு (கோன்) சின்னதாக இருந்தால் அது எளிதல்ல.

சரி, எல்லாம் வாங்கி வைத்தாயிற்று என்றால் சப்வூஃபரின் பின்பக்கம் ஒருமுறை பாருங்கள். க்ராஸ்ஓவரை, அதாவது எந்த ஒலி சப்வூஃபருக்கு, எது ஸ்பீக்கர்களுக்கு என்று பிரிப்பதை, ரிசீவரே கவனிக்கிறது என்றால், அங்குள்ள க்ராஸ்ஓவர் திருகை முழுவதும் மேலே ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஒலி இரண்டு முறை வடிகட்டப்படும்.